ஐந்தாவது பெயர்

மொஹிதீன் ஹாஜியார் பதுளையில் உள்ள தன் சொந்தக் கடையின் மாடிக்கு ஏறி வந்து அழகையா பார்த்ததே இல்லை. முழங்கால் வலிக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மரப்படியில் நின்று நின்று ஏறி வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பொலிஸ்ல இருந்து வந்து கேட்டுட்டுப் போறாங்க,” என்றார். “மேல என்ன கூட்டம், என்ன வாசிக்கிறாங்கன்டு. நான் என்னத்தச் செல்ல? நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் ஒன்டு எழுதிக்கிட்டுப் போய் இன்ஸ்பெக்டர்ட கையில குடுங்க. யார் யார்ட எழுத்த வாசிக்கிறதுன்டு எல்லாம். அவர் சீல் குத்தித் தந்தா மேல ஏறுங்க. இல்லாட்டி இந்த ரூமுக்குப் பூட்டு.”

ஐவரில் ஒருவனான தன் மகன் ஹுமைத்தின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு, தை பிறக்க ஐந்து நாள் இருந்தது. முந்திய ஏப்ரலில் சிங்கள இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராகத் துவக்குத் தூக்கியதிலிருந்து, இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவதும் போனவர்கள் திரும்பாததும் வழக்கமாகியிருந்தது. வீட்டில் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று கிடந்தாலே போதும். எத்தனையோ பேர் ஆசையாகச் சேர்த்த புத்தகங்களை அடுப்பில் வைத்தார்கள். சிலர் பதுளு ஓயா ஆற்றில் விட்டார்கள்.

இந்த ஐவரும் அதற்கு இரண்டு வருடம் முன்பே வாசிக்கத் தொடங்கியவர்கள். மனிதர் கூடி வாழ்வது எப்படி, ஏன் சிலர் மேலேயும் பலர் கீழேயும் கிடக்கிறார்கள் என்று யோசித்தவர்களை வருடத்துக்கு ஐந்து பேராகத் தேர்ந்தெடுத்து, கிடைத்ததைப் படித்து, ஞாயிறு தோறும் வாதாடுவார்கள். கலவரத்துக்குப் பிறகு யாருடைய பெயரையும் அந்த அறையில் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். கீழே புடவைக் கடை. நடுவில் வெறும் பலகை. அதனால் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் செத்தவர் தாடிக்காரர் ஆனார். ஏதென்ஸில் விஷம் குடிக்க வைக்கப்பட்டவர் கோப்பைக்காரர். துனிசியாவில் பிறந்து, அரசுகள் எழுவதும் விழுவதும் ஏனென்று எழுதிய அரபு நாட்டு நீதிபதி, காழியார். குஜராத்திலிருந்து வந்தவர் ராட்டைக்காரர்.

“முதல்ல தாடிய எடுங்க,” என்றான் இராமையா. அவன் பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் உதவியாள். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இந்தியா போக மனுப் போட்டிருந்தான். “எனக்கு மாசியில பாஸ்போட் வந்துரும்ங்கிறாங்க. பொலிஸ் பைல்ல என் பேரு ஏறுனா எல்லாம் போச்சு. புள்ளைங்களுக்குச் சட்டைகூடத் தச்சு வச்சிருக்கா அவ.”

“தாடிய எடுத்துட்டு என்னத்த வாசிக்கிற?” என்றான் ஹுமைத். ஒல்லியான ஆள், கோபம் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே உயரமாகிவிடுவான். “போன வருசமும் பயந்து அவர விட்டோம். அவருட புத்தகம் என்ட தலைகாணிக்குள்ள ஈக்கிது. இன்னும் எத்தின வருசம் தலைகாணிக்குள்ளயே வச்சிப் படுக்கிற?”

“உசிரோட இருந்தாத் தலைகாணி இருக்கும் தம்பி,” என்றார் சிவஞானம்.

அத்தோடு அது முடிந்தது. சிவஞானம் சொன்னால் முடிந்துவிடும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவரின் பேரன், தொழிற்சங்கக் காரியாலயத்தில் பிரதிநிதி. ஆனால் தாத்தாவைப் போலத் தொப்பியும் பிரம்புமாகத் திரிந்தவரல்ல. வேலை நிறுத்தத்தில் அடி வாங்கி இடது காது மந்தமானவர். அழகையாவுக்கு அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்ததே அவர் தந்த கடிதத்தால்தான். மூன்று வருடமாக அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். அவருடைய அம்மா அவனை அடுப்படியில் பலகை போட்டு உட்காரவைத்துச் சோறு போடுவாள். வெளித் தோட்டத்துப் பிள்ளை, நல்ல குடியானவச் சாதி வீட்டுப் பிள்ளை என்று அந்த அம்மா தானாகவே முடிவுகட்டியிருந்தாள். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அழகையா குழுவின் செயலாளர். மடியில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டே வந்தான். கோப்பைக்காரர். காழியார். ராட்டைக்காரர். பெண்களுக்கும் படிப்பு வேண்டும் என்று எழுதிய இங்கிலாந்துக்காரி ஒருத்தி. நான்கு ஆகிவிட்டது.

“அஞ்சாவது வங்காளத்துக் காவிக்காரர் இருக்கட்டும்,” என்றார் சிவஞானம். “அமெரிக்காவுல போய்ப் பேசின துறவி. பொலிசுக்கும் பயம் வராது.”

“எனக்கு ஒண்ணு சொல்லணுங்க,” என்றாள் பெரியாயி.

அவள் ஸ்பிரிங்வெளியில் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப் போகும் கைக்குழந்தைகள் முப்பதுக்கு மேல் அவள் பொறுப்பில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் இந்த ஐவரில் ஒரு வரியும் விடாமல் வாசித்துவிட்டு வருபவள் அவள்தான். சேலைத் தலைப்பை விரித்து, மடித்துக் கசங்கிய சிறு பிரசுரமொன்றை எடுத்துப் பாயில் வைத்தாள். அட்டையில் மூக்குக்கண்ணாடியும் கோட்டும் டையுமாக ஒரு மனிதர்.

“எங்க சின்னம்மா மவன் மதுரையில இருந்து அனுப்புனான். இவரு மகாராஷ்டிரத்துக்காரரு. தீண்டக்கூடாதுன்னு ஒதுக்கி வச்ச சாதியில பொறந்தவரு. லண்டன்ல படிச்சு வந்து இந்தியாவுக்கே சட்டம் எழுதுனவரு. சாதி ஏன் வந்துச்சு, எப்படி ஒழியும்னு எழுதியிருக்காரு. இவர வாசிப்போங்க.”

மழை தகரத்தில் இறங்கத் தொடங்கியது. சிவஞானம் பிரசுரத்தைத் தொடவில்லை.

“பெரியாயி, இது இந்தியாவுல உள்ள பிரச்சினை,” என்றார் மெதுவாக. “இங்க நம்ம எல்லாரும் கூலி. மேல ஒரு தொரை, கீழ நம்ம. பிரஜாவுரிமை இல்லாம நாடத்து நிக்கிறோம். இந்த நேரத்துல நமக்குள்ளயே பிரிச்சுப் பேசினா யாருக்கு லாபம்?”

“நானா பிரிச்சேன்?” பெரியாயியின் குரல் உயரவில்லை. “மேட்டு லயத்துப் புள்ளைக்கு நான் மாவு கரைச்சுக் குடுத்தா, அதோட ஆத்தா சாயந்தரம் வந்து மிச்சத்தக் கொட்டிட்டுக் கோப்பையக் கழுவி வைக்கிறா. பசியில அழுவுற புள்ளைங்க அது. நான் பணிய லயத்துக்காரி, அதான் காரணம். அதுவும் இந்தியாவுலயா நடக்குது?”

“எனக்கு இவரு சரி,” என்றான் ஹுமைத் உடனே. “தாடிய விட்டம். இவரையும் விட்டா நம்ம வாசிக்கிறது என்னத்துக்கு?”

“எனக்கு அந்தக் காவிதான் நல்லது,” என்றான் இராமையா. “வம்பில்லாம.”

இரண்டுக்கு இரண்டு. எல்லோரும் அழகையாவைப் பார்த்தார்கள்.

பணிய லயம் என்றால் சரிவில் கீழே, ஓடைக்கும் கக்கூசுக்கும் பக்கத்தில் இருக்கும் வரிசை வீடுகள். பசறைத் தோட்டமொன்றில் அப்படிப்பட்ட லயத்தின் கடைசிக் காம்பராவில்தான் அழகையா பிறந்தான். அவன் அப்பா சின்னான் காலைப் பெரட்டுக்குத் தப்படிப்பவர். இருட்டு விலகுமுன் நெருப்பில் தோலைக் காய்ச்சி அவர் அடித்தால்தான் தோட்டம் எழும்பி வேலைக்குத் திரளும். சாவு வீட்டிலும் அவர்தான் அடிப்பார். திருவிழாவிலும் அடிப்பார், கோயிலுக்கு வெளியே நின்று. அந்தக் கோட்டுப் போட்ட மனிதரின் பிரசுரம் அழகையாவிடமும் ஒன்று இருந்தது. மாணவர் தேர்வுத்தாள்களுக்கு அடியில், பெட்டிக்குள், அட்டை கிழித்து. மூன்று தடவை வாசித்திருந்தான். ஒருநாளும் அதை இந்த அறைக்குக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தால் ஏன் கொண்டுவந்தாய் என்று யாராவது கேட்பார்கள்.

“தம்பி, நீ சொல்லு,” என்றார் சிவஞானம், தன் நல்ல காதை அவன் பக்கம் திருப்பி.

“காவிக்காரரே இருக்கட்டும்ணே,” என்றான் அழகையா.

பெரியாயி பிரசுரத்தை எடுத்து மடித்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. அது என்னவென்று அவனுக்கு விளங்கவில்லை.

பஸ் நிலையத்தில் அது விளங்கியது. ஸ்பிரிங்வெளி பஸ்சுக்குக் காத்திருந்தவர்களில் அவனும் பெரியாயியும் மட்டும் கூரையின் ஓரத்தில் நனையாமல் ஒதுங்கி நின்றார்கள். பெரியாயி மழையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“பசறையில சின்னான் மாமா சொகமா இருக்காரா, மாஸ்டர்?”

அழகையா சட்டென்று சுற்றிலும் பார்த்தான்.

“எங்க மாமியா பொறந்தது உங்க லயத்துலதான். மூணாவது காம்பரா. நீங்க இங்க வேலைக்கு வந்த முதல் மாசமே அது சொல்லிருச்சு. நடையப் பாத்தாலே சின்னான் மவன்தான்னு.”

“மூணு வருசமாவா தெரியும்?”

“ஆமாங்க.”

“யார்கிட்டயாவது...”

“சொல்லல. சொல்லவும் மாட்டேன். அது உங்க பாடு.” அவள் முதல் தடவையாகத் திரும்பினாள். “நான் இன்னைக்கி அந்தப் புத்தகத்த எடுத்து வச்சது எந்தத் தைரியத்துல தெரியுமா? ஹுமைத்துத் தம்பி கை தூக்கும். நீங்களும் தூக்குவீங்க, மூணு ஆயிரும்னு நெனச்சேன். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம், கைய மட்டும் தூக்கியிருந்தாப் போதும்.”

பஸ் வந்தது. அவள் முன்னே ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அழகையா கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான். வழி நெடுக, அவள் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். சொல்ல மாட்டாள் என்பது நிச்சயமான பிறகு, அந்தப் பயம் போன இடத்தில் வந்து உட்கார்ந்தது இன்னும் மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவன் பதுளைத் தபால் கந்தோரில் நின்றான். பட்டியலின் நல்ல பிரதியை அங்கே எழுதிக்கொண்டு, அப்படியே பொலிசுக்குப் போவது என்று திட்டம். இதில் பட்டப்பெயர் உதவாது, முழுப் பெயர் எழுத வேண்டும். தந்தி எழுதுகிற சாய்மேசையில் தாளை விரித்தான். நான்கு பெயர்களைக் கையெழுத்துக் கோணாமல் எழுதினான். ஐந்தாவதுக்கு வந்ததும் பேனா நின்றது.

பின்னால் ஒரு கிழவர் மேசைக்காகக் காத்திருந்தார். “முடிஞ்சுதா தம்பி?” என்றார்.

“இந்தா, முடிஞ்சிருச்சுங்க.”

கோட்டுக்காரரின் பெயரை எழுதினான். முதலெழுத்துகளோடு, ஒன்றும் குறையாமல். எழுதிய கை தன்னுடையதா என்று பார்த்தான். கிழித்துப் போட்டு வேறு தாள் எடுக்க நேரம் இருந்தது. காசும் இருந்தது. அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

இன்ஸ்பெக்டர் கனத்த சிங்களவர். மட்டக்களப்பில் வேலை செய்திருந்ததால் தமிழ் பேசினார். அவனை உட்காரச் சொல்லவில்லை. மேசைக்கு மேலே சுவரில் பிடிபட வேண்டியவர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் பள்ளிக்கூடப் பையன்களின் முகம்.

“இந்த ஆட்கள் எல்லாம் எங்க இருக்கிறது?”

“எல்லாரும் செத்துட்டாங்க சார்.”

“செத்த ஆள்தான் இப்ப கூடக் கரைச்சல் குடுக்கிறது,” என்றார் இன்ஸ்பெக்டர் சிரிக்காமல். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பெயரிலும் நிறுத்தினார். கோப்பைக்காரரிடம், இவன் என்ன குற்றம் செய்தான் என்று கேட்டார். இளைஞர்களைக் கெடுத்ததாக வழக்கு என்று சொல்லத் தொடங்கிய அழகையா நாக்கைக் கடித்துக்கொண்டு, “நெறையக் கேள்வி கேட்டாரு சார், ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்ன,” என்றான். பென்சில் நகர்ந்தது. காழியார் போனார். ராட்டைக்காரர் போனார். இங்கிலாந்துக்காரி போனாள். ஐந்தாவது பெயரில் நின்றது.

அழகையா பென்சில் நுனியையே பார்த்தான்.

“இவர் பௌத்தர்தானே?”

“சார்?”

“இந்தியாவில பௌத்த சமயத்துக்கு வந்தார். லட்சக்கணக்கு ஆட்களோட. அதுக்கு முன்னம் ஒரு தரம் கண்டிக்கும் வந்தார், பௌத்த மகாநாட்டுக்கு. எங்க அப்பா போய்ப் பார்த்தார்.” இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. “ஏன் அவர் சமயம் மாறினார், மாஸ்டர்? நீங்க வாசிக்கிற ஆள்தானே, சொல்லுங்க.”

“பொதுக் கொளத்துல தண்ணி அள்ளக்கூடாது, கோயிலுக்குள்ள போகக்கூடாதுன்னு வச்சிருந்தாங்க சார். அதுல இருந்துக்கிட்டே அத மாத்த முடியலன்னு கடைசியில வெளிய போனாரு.”

“உங்க ஆட்களுக்குள்ளயா?”

“ஆமா சார்.”

“இங்க தோட்டத்திலயும் இருக்குதா?”

“இருக்கு சார்.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

பென்சில் மேசையில் உருண்டது. அதை இன்ஸ்பெக்டர் விரலால் நிறுத்தினார். அழகையா வாயைத் திறந்தபோது, அது இவ்வளவு இலேசாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

“நானும் அந்த ஆளுங்கதான் சார்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஊர் எது என்று கேட்டுப் பதில் வாங்கியவரைப் போல, அவ்வளவுதான். சீலை மையில் ஒற்றிக் குத்தினார். “இதில இருக்கிற அஞ்சு பேர் மட்டும். வேற ஒரு ஆள்ட எழுத்து வாசிச்சால் கூட்டம் நிப்பாட்டுவேன். இவரை முதல் வாசியுங்க. கொன்ஸ்டபிள் ஒருத்தர் வந்து கேப்பார்.”

வெளியே வந்த அழகையா படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று வருடமாகத் தன் கூட்டாளிகளிடம் சொல்ல முடியாததைக் காக்கிச் சட்டைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை போலிருக்கிறது. யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பொங்கல். வழக்கம்போலச் சிவஞானம் வீட்டில் இலை போட்டிருப்பார்கள். அழகையா காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். சீல் குத்திய தாள் கொப்பிக்குள் இருந்தது. அதைக் காணாமல் போக்கிவிடலாமா என்றும் யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் எல்லாரும் வந்துவிட்டார்கள். சிவஞானம் கடைசியாக வந்தார். கையில் துணி சுற்றிய தூக்குச்சட்டி.

“காய்ச்சல் எப்படித் தம்பி? அம்மா பொங்கல் குடுத்துவிட்டிருக்கு. சூடு பண்ணித் தின்னச் சொல்லிச்சு.” அதை அவன் முன்னால் பாயில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். “சீல் கிடைச்சுதா?”

அழகையா தாளை நீட்டினான். சிவஞானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கி, ஐந்தாவதில் நிறுத்தினார். மறுபடி ஒருதரம் மனதுக்குள் வாசித்தார்.

“இது எப்படி வந்துச்சு?”

“நான்தான்ணே எழுதுனேன்.”

“பொலிஸ்காரனா மாத்தச் சொன்னான்?”

“இல்லண்ணே. நானா எழுதுனேன். அத முதல்ல வாசிக்கச் சொல்லியிருக்காங்க. இதுல இல்லாத ஆளை வாசிச்சா நிப்பாட்டுவாங்களாம்.”

இராமையா தலையில் கைவைத்தான். ஹுமைத் எழுந்தே விட்டான். சந்தோஷப்படுவான் என்று அழகையா நினைத்திருந்தது அவனைத்தான்.

“அழகையா, நீ என்ன செஞ்சீக்கிற? எனக்கும் அவருதான் வேணும். ஆனா அஞ்சு பேரு ஓட்டுப் போட்டு முடிச்சத நீ தனியாப் போய் மாத்தினா அதுக்குப் பேரு என்ன? எங்கட ஓட்டக் களவெடுத்திட்டு, பொலிஸ் சீலையும் குத்திக்கிட்டு வந்தீக்கிற!”

“தெரியும்,” என்றான் அழகையா. “தப்புத்தான்.”

“ஏன் செஞ்ச?” என்றார் சிவஞானம். குரலில் இன்னும் கோபம் இல்லை, குழப்பம்தான். “வேணும்னா அன்னைக்கே கையத் தூக்கியிருக்கலாமே. யார் தடுத்தா?”

அழகையா பெரியாயியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லப் போவதில்லை. உதவவும் போவதில்லை.

“எங்கப்பா பேரு சின்னான்ணே. பசறையில பெரட்டுக்குத் தப்படிக்கிறவரு. நாங்க பணிய லயம். அன்னைக்கிக் கையத் தூக்குனா நீங்க ஏன்னு கேப்பீங்கன்னு பயந்துட்டேன். நீங்க கேக்கலன்னாலும் நெனச்சுப் பாப்பீங்கன்னு பயந்துட்டேன்.”

கீழே கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் நீளமாகக் கேட்டது.

சிவஞானத்தின் கண் தூக்குச்சட்டிக்குப் போய்த் திரும்பியது. “எங்க அடுப்படியில உக்காந்து சாப்பிட்ட.”

“ஆமாண்ணே. மூணு வருசம்.”

“அம்மா கையால.”

“ஆமா.”

“சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்லியிருந்தா எங்க உக்கார வச்சிருப்பீங்க?”

சிவஞானம் வாயைத் திறந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சாதி இல்லை, எல்லாரும் கூலி என்று போன வாரம் அவர் சொன்னது அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். காதுவரை முகம் சிவந்துபோனது.

“சரி, சீல் குத்தியாச்சு,” என்றான் இராமையா அவசரமாக. “இனி மாத்தப் போனா இன்னும் சந்தேகப்படுவான். வாசிச்சுத் தொலைவோம்.”

“வேணாம்,” என்றாள் பெரியாயி.

எல்லாரும் திரும்பினார்கள்.

“பொலிஸ்காரன் சொன்னான்னு வர்றவரு எனக்கு வேணாம். அப்படி வாசிச்சா நாளைக்கி மேட்டு லயத்துல என்ன சொல்லுவாங்க? பொலிசக் கூட்டிக்கிட்டு வந்து வாசிக்க வச்சாளுகன்னு சொல்லுவாங்க. திருப்பிக் கை தூக்குவோம். தோத்தா அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு நாளைக்கி நானே போய் வேற லிஸ்டுக் குடுக்கிறேன். என்னை உள்ள போட்டாலும் பரவால்ல.”

“ஏம்மா, கையில வந்தத விடுறியே,” என்றான் இராமையா.

“கையில வரல அண்ணே. கையத் தூக்கி வரட்டும்.”

ஹுமைத் உட்கார்ந்தான். “சரி. கோட்டுக்காரருக்கு யாரு?” என்று கேட்டுத் தன் கையைத் தூக்கினான். பெரியாயி தூக்கினாள். அழகையா தூக்கினான். தோள்பட்டை வரைக்கும் வலிப்பதுபோல இருந்தது. சிவஞானம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையைத் தூக்கவில்லை. இராமையாவும் தூக்கவில்லை.

“மூணு,” என்றார் சிவஞானம். “முடிஞ்சுது.”

எழுந்து செருப்பைத் தேடினார். தூக்குச்சட்டியைக் குனிந்து எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார். அதைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனார். அழகையா வேறு எதற்கும் அழவில்லை, அதற்குத்தான் அழுதான்.

அதன் பிறகு மூன்று வாரம் அவன் நிம்மதியாகத் தூங்கவில்லை. சிவஞானம் துரைமார் கந்தோரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையும் அறையும் போய்விடும். தபால் வரும் போதெல்லாம் வாசலுக்குப் போய் நின்றான். கடிதம் எதுவும் வரவில்லை. சிவஞானம் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கதை இராமையா வழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மேட்டு லயத்தில் நான்கு வீட்டார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். அழகையா வீட்டுக்கு வீடு போய்க் கேட்டான். ஒருத்தி கதவைத் திறக்காமலே பேசினாள். ஒரு மாதத்தில் மூன்று பிள்ளைகள் திரும்பி வந்தன. நான்காவது பிள்ளையைப் பண்டாரவளைக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். பிள்ளைக் காம்பராவில் மாவு கொட்டுவது நிற்கவில்லை.

மாசியில் அவன் பசறைக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னான். சின்னான் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பெரியாயிப் பொம்பளைக்கி ஒரு நாளு சோறு போடணும், கூட்டிக்கிட்டு வா,” என்று மட்டும் சொன்னார்.

வாசிப்பு நடந்தது. பெரியாயி தன் லயத்திலிருந்து நாலைந்து பெண்களைக் கூட்டி வந்தாள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள், கேட்பதற்கு வந்தார்கள். கொன்ஸ்டபிள் இரண்டு ஞாயிறு வந்து படியோரம் உட்கார்ந்து தூங்கினான். மூன்றாவது ஞாயிறு வரவில்லை. இராமையா பாஸ்போட் வந்ததும் வந்து சொல்லிக்கொண்டு, எல்லார் கையையும் பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் ரயிலுக்குப் போனான்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேரம், அழகையா உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது மரப்படியில் கனத்த காலடி கேட்டது. சிவஞானம். ஹுமைத் நகர்ந்து இடம் விட்டான். அவர் பாயில் உட்காராமல் கதவோரப் பலகையில் உட்கார்ந்தார். பையிலிருந்து அதே பிரசுரத்தை எடுத்தார். எங்கிருந்தோ வாங்கியிருக்கிறார். ஓரமெல்லாம் பென்சில் கீறல்.

சிறிது நேரம் கேட்டுவிட்டு, “நிறுத்துங்க மாஸ்டர்,” என்றார். அவனைத் தம்பி என்று அவர் அதற்குப் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை. “பன்னிரண்டாம் பக்கத்துல இவர் சொல்றது எனக்குச் சரியாப் படல. தொழிலாளி ஒற்றுமைய வச்சு இத மாத்த முடியாதுங்கிற மாதிரி எழுதுறாரே. அப்ப நாங்க அடி வாங்குனதுக்கெல்லாம் அர்த்தமில்லையா?”

பெண்கள் பெரியாயியைப் பார்த்தார்கள்.

“அர்த்தமில்லன்னு அவரு சொல்லலங்க,” என்றாள் பெரியாயி. “அடி வாங்கித் திரும்பி வந்த பெறகு எந்தக் கோப்பையில தேத்தண்ணி குடிச்சீங்கன்னுதான் கேக்குறாரு.”

சிவஞானம் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிவைத்து, “திருப்பிச் சொல்லு,” என்றார்.

அவள் திருப்பிச் சொன்னாள். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டாம் பக்கத்திலேயே அன்று இருட்டிவிட்டது.